மந்திரவாதிப் படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் நம் வீடுகளில் எழும் கேள்விகளுள் ஒன்று, "இந்தப் படத்துக்குப் போகலாமா?" என்பது. பாட்டும் சிரிப்புமாக உள்ள படம் என்றால் தந்தையின் சட்டைப்பையைத் தவிர வேறு தடை இராது. ஆனால் மந்திரவாதி, பேய், பூதம், பேசும் புலி என்று மாயமும் மருட்சியும் நிறைந்த படமாக இருந்தால் வீடு இரண்டுபட்டு நிற்கும். "சின்னப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் படம்? ராத்திரியெல்லாம் தூங்காது" என்பார் தாய். "நாங்கள் பார்க்காத விட்டலாச்சார்யா படமா? எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்பார் தந்தை. பத்தாம் வகுப்பில் படிக்கும் அக்காள் போயே தீர வேண்டும் என்பாள். இரண்டாம் வகுப்புத் தங்கையோ, அக்காள் போனால் நானும் வருவேன் என்று அழுவாள்.

இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. ஆயினும், எவற்றைப் பார்த்து முடிவு செய்வது என்பதைக் கூற முடியும். பெற்றோருக்கும், விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அருட்சகோதரியருக்கும், தம்பி தங்கையரைக் கையில் பிடித்து அழைத்துச் செல்லும் மூத்த மாணவியருக்கும் பயன்படும் என்று கருதி, நாம் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பயமூட்டும் கதை நமக்குப் புதிதா?

பேய்க்கதைகள் சினிமாவோடு வந்தவை அல்ல. காவிரிப் பாசனத்து ஊர்களில் அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் படுத்த தாத்தாக்களும், திண்ணையில் பேரப்பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்ட பாட்டிகளும் சொன்ன கதைகளில் முனியும் மோகினியும் நிறையவே உண்டு. நீர் தேங்கிய நிலத்தில் இரவு வேளையில் தென்படும் வெளிச்சத்தைக் 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்றார்கள். சேற்றில் மக்கும் பொருள்களிலிருந்து கிளம்பும் வாயு எரிவதே அது என்று இன்று அறிவியல் வகுப்பில் விளக்கம் சொல்கிறோம். விளக்கம் வருவதற்கு முன்பே அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நம் பெற்றோர்.

தஞ்சாவூருக்கு அருகிலுள்ள மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடைபெறுகிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத நாடகம் அதில் முதன்மையானது. பெற்ற தந்தையே தன் சிறு மகனைக் கொல்ல முயல்வதும், சிங்க முகத்தோடு நரசிம்மம் தோன்றி அத்தந்தையை அழிப்பதும் அதன் கதை. கோயிலில் வைத்து வழிபடும் சிங்க முகமூடியை அணிந்துகொண்டு நடிகர் வெளிப்படுவார். இதைவிட அச்சமூட்டும் கதை எந்தப் படத்தில் இருக்கிறது? ஆயினும் அவ்வூர்ப் பிள்ளைகள் பெரியவர்களோடு அமர்ந்து தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்து வருகிறார்கள்.

நம் தேவாலயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அலகையைக் காலால் மிதித்து, ஈட்டியோடு நிற்கும் அதிதூதர் மிக்கேலின் சுரூபத்தைக் கைக்குழந்தைப் பருவம் முதலே பார்த்து வளர்கிறோம். திருவெளிப்பாட்டு நூலில் வரும் ஏழு தலை அரக்கப்பாம்பைவிடக் கொடிய உருவத்தை எந்தத் திரைப்படக்காரரும் கற்பனை செய்துவிடவில்லை.

இனி, 1947-இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா'வை நினைத்துப் பாருங்கள். இன்று அது வெளிவருவதில்லை. ஆனால் வேதாளத்தைத் தோளில் சுமந்து, உருவிய வாளோடு சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த படத்தை நம் பெற்றோருள் பலர் இன்றும் மறக்கவில்லை. அது சிறுவர் இதழ்தான். அதில் பிணமும் பேயும் இருக்கின்றன என்று யாரும் அதை வீட்டுக்குள் வராமல் தடுத்ததில்லை.

ஆகவே, பயம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு கதை பிள்ளைகளுக்கு ஆகாது என்று தள்ளிவிட முடியாது.

பாட்டி செய்தாள், திரை செய்யாது

அப்படியானால் எல்லாப் படங்களுக்கும் கதவைத் திறந்துவிடலாமா? பொறுங்கள். அந்தப் பழைய கதைகள் பிள்ளைகளுக்குக் கேடு செய்யாமல் போனதற்கு, அவை சொல்லப்பட்ட முறை ஒரு பெரிய காரணம்.

பாட்டி கதை சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கண்கள் அகன்று உதடு துடித்தால், அரக்கனின் பல் உடனே சிறுத்துவிடும்; ராஜகுமாரன் இரண்டு நாழிகை முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுவான். பிள்ளை அலுத்துப்போனால் அரக்கனுக்கு இன்னொரு தலை முளைக்கும். மேலும், அது பலமுறை கேட்ட கதை. முடிவு தெரிந்த கதை. பயந்தால் பிடித்துக்கொள்ளப் பாட்டியின் சேலைத் தலைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "போதும் பாட்டி" என்றால் கதை நின்றது.

திரைப்படமோ யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஐம்பது வயதுப் பெரியவருக்கும் அதே அரக்கன், அதே அளவில், அதே வேகத்தில் வருகிறான். அவன் வருவதற்கு முன்பே இசை வந்து நெஞ்சை அடைத்துவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டாலும் காது திறந்தே இருக்கிறது. "போதும்" என்று சொன்னால் படம் நிற்பதில்லை.

பாட்டி செய்த வேலையைத் திரையரங்கில் யாராவது ஒருவர் செய்தாக வேண்டும். அந்த ஒருவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாயோ தந்தையோ அக்காளோதான். இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்பும் செய்தியின் சாரமும் அதுவே. ஒரு படம் ஏற்றதா என்று பார்க்கும்போது படத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்தப் பிள்ளை, யாரோடு, எப்படிப் பார்க்கப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் என்ன சொல்கிறது?

படம் தொடங்குமுன் திரையில் ஒரு சான்றிதழ் காட்டப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி, எல்லோரும் பார்க்கலாம் என்பதற்கு 'யு' என்றும், வயது வந்தோர் மட்டுமே பார்க்கலாம் என்பதற்கு 'ஏ' என்றும் இரண்டு வகைகளே முதலில் இருந்தன. இடைப்பட்ட படங்களை எதில் சேர்ப்பது என்ற இடர்ப்பாடு நெடுநாள் இருந்தது. 1983-இல் 'யு/ஏ' என்ற வகை வந்தது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது அதன் பொருள். ஆனால் ஆறு வயதும் பதினொரு வயதும் ஒன்றாகிவிடுமா? 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, யு/ஏ என்பது 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் இப்புதிய குறிகள் வழக்கத்துக்கு வந்துள்ளன.

இதில் பெற்றோர் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயது நிரம்பாதவரை அனுமதிப்பது குற்றம். தந்தையே கையைப் பிடித்து அழைத்து வந்தாலும் அனுமதிக்கக் கூடாது. ஆனால் யு/ஏ வயதுக் குறிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை பெற்றோரும் காப்பாளரும் எண்ணிப் பார்ப்பதற்காகத் தரப்படுபவை; அவர்களைத் தவிர வேறு எவரும் அவற்றைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டமே கூறுகிறது. அதாவது, டிக்கெட் கிழிப்பவர் உங்கள் ஐந்து வயது மகளைத் தடுக்க மாட்டார். அரசு அந்தப் பொறுப்பை உங்கள் கையில் கொடுத்துவிட்டது.

சினிமாவுக்கு மட்டும் இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். 1970-இல் கே. ஏ. அப்பாஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் உணர்ச்சிகளை ஆழமாகக் கிளறவல்லது. முதிர்ந்தவர்களைக் காட்டிலும் பிள்ளைகளும் வளரிளம் பருவத்தினரும் திரையில் காண்பதை எளிதில் மெய்யென்று ஏற்று ஒன்றிவிடுவர் என்பது அத்தீர்ப்பின் கருத்து. பாட்டிக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டையே நீதிபதிகளும் தம் மொழியில் கூறியிருக்கிறார்கள் எனலாம்.

மோக்லி பெற்ற சான்றிதழ்

சான்றிதழைப் பற்றி நம் நாட்டில் ஒரு சுவையான சர்ச்சை எழுந்தது. 2016 ஏப்ரல் 8-ஆம் நாள் 'தி ஜங்கிள் புக்' என்ற ஆங்கிலப் படம் இந்தியாவில் வெளியாயிற்று. தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டு வந்தது. ஓநாய்கள் வளர்த்த மோக்லி என்ற சிறுவனின் கதை. 1894-இல் கிப்ளிங் எழுதிய நூலைத் தழுவியது. மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காட்டில் நடப்பதாக உள்ள, நம் மண்ணின் கதை. அதற்குத் தணிக்கை வாரியம் 'யு/ஏ' சான்றிதழ் வழங்கியது.

உடனே கேலியும் கண்டனமும் கிளம்பின. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் கதைக்கா இந்தக் கட்டுப்பாடு என்று கேட்டார்கள். அப்போது வாரியத் தலைவராக இருந்த பஹ்லாஜ் நிஹலானி, நூலின் புகழை வைத்து முடிவு செய்ய வேண்டாம், படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். முப்பரிமாணக் காட்சியில் விலங்குகள் பார்ப்பவர் மீதே பாய்வது போல் இருக்கின்றன என்பது அவர் கூறிய காரணம்.

இதில் யார் பக்கம் நியாயம்? இரு பக்கமும் கொஞ்சம் உண்டு. மோக்லியின் கதை பிள்ளைகளுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. 1967-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் அதையே ஆடல் பாடலோடு கார்ட்டூன் படமாக எடுத்தபோது குழந்தைகள் மகிழ்ந்து பார்த்தார்கள். ஆனால் 2016-ஆம் ஆண்டுப் படத்தில் புலி ஷேர்கான், ஓநாய்த் தலைவன் அகேலாவைப் பாறை விளிம்பிலிருந்து வீசியெறிகிறது. காடிருட்டில் மலைப்பாம்பு காஆ மோக்லியை மயக்கிச் சுற்றிக்கொள்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்த விலங்குகள் என்று நமக்குத் தெரியும். உயிருள்ள புலி போலவே அவை உறுமுகையில் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது தெரியுமா? கதை ஒன்றாயினும், புத்தகத்தில் ஒரு பயம், கார்ட்டூனில் ஒரு பயம், முப்பரிமாணத்தில் ஒரு பயம். "பிள்ளைகள் கதைதானே" என்ற பேச்சு போதாது என்பதை இச்சர்ச்சை காட்டிற்று. அதே வேளையில், யு/ஏ என்பது தடையும் அன்று. பெற்றோரே, உடன் வாருங்கள் என்ற அழைப்பே அது.

வெளிநாட்டாரும் இதே இடர்ப்பாட்டைச் சந்தித்திருக்கிறார்கள். 1937-இல் எடுக்கப்பட்ட 'ஸ்நோ ஒயிட்' கார்ட்டூன் படத்தை இன்று மழலையர் வகுப்பிலும் காட்டுகிறோம். ஆனால் 1938-இல் இங்கிலாந்துத் தணிக்கையாளர், அதிலுள்ள சூனியக்காரியையும் கைநீட்டிப் பிடிக்கும் காட்டு மரங்களையும் கண்டு, பெரியவர் துணையோடுதான் பிள்ளைகள் பார்க்கலாம் என்று சான்றளித்தனர். அமெரிக்காவில் 1984-இல் 'கிரெம்லின்ஸ்', 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' என்ற இரு படங்களை நம்பிக் குழந்தைகளோடு போன பெற்றோர் அதிர்ந்து முறையிட்டதன் விளைவாகவே, 13 வயதுக்குட்பட்டோரைக் குறித்து எச்சரிக்கும் புதிய வகை அங்கே ஏற்பட்டது.

எந்த வயதில் எந்தப் பயம்?

பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுக்கே பயப்படுவதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கேன்டர் என்ற அம்மையார் 1980-களில் இதை ஆராய்ந்தார். அவரும் அவருடைய துணைவர்களும் கண்டவற்றுள் மூன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது, சிறு குழந்தைகள் உருவத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். 'ஹல்க்' என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகன் பச்சை நிற முரட்டு உருவமாக மாறுவான். ஆனால் நல்லவன், பிறரைக் காப்பவன். பள்ளிப் பருவம் எட்டாத குழந்தைகளுக்கு அவன் நல்லவன் என்பது பயன்படவில்லை. உருவம் மாறியதைக் கண்டே அஞ்சினார்கள். சற்று வளர்ந்தவர்களோ அவன் நன்மை செய்ய வருகிறான் என்பதைப் புரிந்துகொண்டு அவ்வளவாக அஞ்சவில்லை.

இரண்டாவது, "இதெல்லாம் பொய், நிஜமல்ல" என்ற சமாதானம் எல்லா வயதுக்கும் செல்லாது. 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் சூனியக்காரி வரும் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். இது நிஜமல்ல என்று நினைத்துக்கொள்ளும்படி சொன்னபோது, 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் பயம் குறைந்தது; 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு அது உதவவில்லை.

மூன்றாவது, வளர்ந்த பிள்ளைகள் நடக்கக்கூடியவற்றைக் கண்டு பயப்படுகிறார்கள். 1983-இல் அணுகுண்டுப் போரைப் பற்றிய ஒரு படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது, சிறு குழந்தைகளைக் காட்டிலும் பெரிய பிள்ளைகளே அதிகம் கலங்கினார்கள். குழந்தைகளுக்கு அதில் பூதம் எதுவும் தெரியவில்லை. பெரியவர்களுக்கோ அதன் பொருள் தெரிந்தது.

இதனால் பெறப்படுவது என்ன? "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நாம் சொல்கிறோம். சிறு தங்கைக்குத் திரையில் தோன்றும் முகமே பேய். எட்டாம் வகுப்பு அக்காளுக்கு அந்த முகம் வேடிக்கை. ஆனால் அதே படத்தில் குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கும் தந்தை ஒருவன் இருந்தால் அதுதான் அவளைத் தூங்கவிடாது. பெரியவர்கள் பேயை மட்டும் எண்ணிப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தால், மூத்த பிள்ளையின் பயம் கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டு படங்களை உரைத்துப் பார்ப்போம்

1951-இல் விஜயா நிறுவனத்தார் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிட்ட 'பாதாள பைரவி'யை முதலில் எடுத்துக்கொள்வோம். அம்புலிமாமாவைத் தொடங்கிய அதே நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் இதன் தயாரிப்பாளர்கள். கே. வி. ரெட்டி இயக்க, என். டி. ராமராவ் தோட்டக்கார வீட்டு இளைஞனாகவும், எஸ். வி. ரங்காராவ் நேபாள மந்திரவாதியாகவும் நடித்தார்கள். வீரமுள்ள ஓர் இளைஞனைப் பலி கொடுத்தால் கேட்டதெல்லாம் தரும் பதுமை கிடைக்கும் என்று மந்திரவாதி சூழ்ச்சி செய்கிறான். குகை, பலிபீடம், கத்தி எல்லாம் உண்டு. ஆயினும் தீயவன் யார் என்பதில் பிள்ளைக்குக் குழப்பம் இல்லை. நாயகன் தன் அறிவாலும் துணிவாலும் தப்புகிறான். பேராசைக்காரன் தன் பேராசையாலேயே அழிகிறான். பாட்டி கதையின் இலக்கணம் முழுதும் இதில் இருப்பதால், துணையோடு பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இது தகும் என்பது நம் கருத்து.

அடுத்தது, 1984-இல் நவோதயா நிறுவனம் மலையாளத்தில் தயாரித்து ஜிஜோ இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்'. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் இதுவே, தமிழிலும் வந்தது. மந்திரவாதிக்கு அடிமைப்பட்ட ஒரு குட்டிச்சாத்தானைப் பள்ளிப் பிள்ளைகள் நண்பனாக்கிக்கொள்கிறார்கள். இளையராஜாவின் இசையில் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து செல்லும் பாட்டு இன்றும் வியப்பூட்டும். இதிலும் அடிமையை விடுவிக்கும் இரக்கமும் நட்பும் இருக்கின்றன. ஆனால் இரண்டு செய்திகளைப் பெற்றோர் கருத வேண்டும். கண்ணாடி அணிந்து பார்க்கும்போது பொருள்கள் முகத்தருகே நீள்வதால் சிறு குழந்தைகள் மிரளக்கூடும். மற்றொன்று, படத்தில் சிறுமியின் தந்தை குடிக்கு அடிமையானவர். சாத்தானும் மதுவைக் குடிப்பது வேடிக்கையாகக் காட்டப்படுகிறது. குடியால் நொந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளை மற்றவர்களைப் போல் அங்கே சிரிக்குமா? வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் அருகிலேயே இருக்கிறார்கள். வாய் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆக, எந்தப் படத்தையும் இப்படி உரைத்துப் பார்க்கலாம். தீமை தீமையாகக் காட்டப்படுகிறதா, அல்லது கவர்ச்சியாகக் காட்டப்படுகிறதா? பயத்திலிருந்து வெளியே வர ஒரு வழி இருக்கிறதா, அல்லது பேய் மீண்டும் கண் திறப்பதோடு படம் முடிகிறதா? கொடுமை கதைக்காக வருகிறதா, கைதட்டலுக்காக வருகிறதா? கடைசியாக, இந்த ஆண்டு இந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது? சென்ற மாதம் தந்தையை இழந்த பிள்ளைக்கு, பேயே இல்லாத படத்திலும் ஒரு சாவுக் காட்சி தாங்க முடியாததாகிவிடும். எந்தச் சான்றிதழிலும் இது எழுதியிருக்காது. வீட்டார்க்கே தெரியும், சில வேளை வகுப்பாசிரியைக்கும் தெரியும்.

திருச்சபை காட்டும் வழி

திருச்சபையும் இதை நெடுநாளாக எண்ணி வந்திருக்கிறது. 1936-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் திரைப்படத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதி, படங்களைத் தரம்பிரித்து மக்களுக்கு அறிவிக்கும் அலுவலகங்களை நாடுதோறும் அமைக்கும்படி கேட்டுக்கொண்டார். 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட ஏடு, இத்துறையில் பிள்ளைகளைக் காக்கும் கடமை பெற்றோருடையது என்று நினைவூட்டியது.

இதனால் திருச்சபை மாயக் கதைகளுக்கு எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். சினிமா பிறந்து நூறாண்டு நிறைந்த 1995-இல் வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டது. சூனியக்காரி வரும் 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' அதில் இருக்கிறது. இரத்தம் குடிக்கும் பேயைப் பற்றிய 1922-ஆம் ஆண்டு ஜெர்மானியப் படம் 'நோஸ்ஃபெராட்டு'வும் கலைப் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. பின்னதைக் குழந்தைகளுக்குக் காட்டச் சொல்லி யாரும் பட்டியலிடவில்லை. சிறந்த படம் என்பதும் சிறுவர்க்கு ஏற்ற படம் என்பதும் வேறு வேறு என்பதற்கு அதுவே சான்று.

போகுமுன்பும் வந்தபின்பும்

முடிவு செய்தபின் செய்ய வேண்டியவை சில உண்டு. கூடுமானால் பெரியவர் ஒருவர் படத்தை முன்னதாகப் பார்த்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் பார்த்தவரைக் கேட்கலாம். "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் போதாது, "எந்த இடத்தில் உங்கள் பிள்ளை கண்ணை மூடியது?" என்று கேளுங்கள். சிறு பிள்ளையிடம் கதையின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவதில் நட்டமில்லை. முடிவு தெரிந்தால் பெரியவர்க்குச் சுவை குறையலாம். குழந்தைக்கோ துணிவு கூடும். இரவுக் காட்சியை விட்டுப் பகல் காட்சிக்குப் போகலாம். வெளியே வரும்போது வெயில் அடித்தால் பாதிப் பேய் அங்கேயே போய்விடும். வழியோர நாற்காலியில் அமர்ந்தால் வேண்டியபோது எழுந்து வெளியேற முடியும். டிக்கெட் காசை எண்ணி, அழும் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம்.

வீடு திரும்பிய பின், பயந்த சிறு குழந்தைக்கு வாதம் செய்து விளக்காதீர்கள். அணைத்துக்கொள்ளுங்கள், பால் கொடுங்கள், விளக்கை எரியவிடுங்கள், பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளையோடு பேசுங்கள். அந்த முகத்தை ஒப்பனைக்காரர் எப்படிச் செய்திருப்பார், அந்த ஒலியை எதைக் கொண்டு எழுப்பியிருப்பார்கள் என்று ஆராயுங்கள். கொல்லைப்பக்கம் தனியாகப் போக மறுப்பது, தூக்கத்தில் அலறுவது போன்றவை பெரும்பாலும் சில நாள்களில் தணியும். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம். எதைச் செய்தாலும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். "சாப்பிடாவிட்டால் அந்தப் பேய் வரும்" என்று படத்திலிருந்து பூச்சாண்டியை வீட்டுக்கு அழைத்து வருவதும் வேண்டாம். வந்தவரைத் திருப்பி அனுப்புவது எளிதன்று.

இக்காலத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரையரங்கிலாவது பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்தார். கைபேசியில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு போர்வைக்குள் படம் பார்க்கும் பிள்ளைக்கு அதுவும் இல்லை. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, இணையவழிப் படங்களுக்கும் 7, 13, 16 என்ற வயதுக் குறிகளும், 13-க்கு மேற்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டிவைக்கும் வசதியும் தரப்பட வேண்டும். அந்தப் பூட்டைப் போடத் தெரியாத பெற்றோருக்கு மூத்த மாணவியர் நீங்களே கற்றுக்கொடுக்கலாம் அல்லவா?

மூத்த மாணவியருக்கு

நம் தமிழ்ப் பேய்ப்படங்களைப் பார்க்கும் மூத்த மாணவியர் ஒன்றைக் கவனியுங்கள். பேயாக வருபவள் பெரும்பாலும் பெண்ணே. உயிரோடு இருக்கையில் அவளுக்கு அநீதி இழைக்கப்படுகிறது. நீதி கேட்க அவள் செத்துப் பேயாக வர வேண்டியிருக்கிறது. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' 1978-இல் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. உயிருள்ள பெண்ணுக்கு ஏன் அந்த வலிமையைக் கதாசிரியர்கள் கொடுப்பதில்லை என்று வீட்டிலும் வகுப்பிலும் விவாதித்துப் பாருங்கள். இப்படிக் கேள்வி கேட்டுப் பார்க்கத் தெரிந்தவளுக்குப் பல படங்கள் பாடமாகும். அப்படிக் கேட்கும் பருவம் வந்துவிட்டதா என்பதே உங்களைப் பற்றிப் பெற்றோர் முடிவு செய்யும்போது பார்க்க வேண்டிய அளவுகோலும் ஆகும்.

பள்ளிகளில் குழந்தைகள் நாளன்று ஒரே மண்டபத்தில் முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை எல்லோரையும் அமர்த்தி ஒரே படத்தைக் காட்டுவது வழக்கம். அங்கே கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பதினேழு வயது மாணவியின் சுவைக்காகப் படம் தேர்ந்தால், முதல் வரிசையிலிருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அப்பால் போக இடமில்லை. காலையில் சிறியவர்களுக்கு ஒன்றும், மாலையில் பெரியவர்களுக்கு ஒன்றுமாக இரண்டு படங்கள் காட்டுவது கூடுதல் உழைப்புதான், ஆனால் செய்யக்கூடியதே. அதுவும் இயலாதபோது, ஒவ்வொரு சிறு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு மூத்த மாணவியை அமர்த்தலாம். அவள் படத்தைச் சற்றுக் குறைவாகப் பார்த்தாலும் பரவாயில்லை. அந்தச் சின்ன முகத்தை அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டால் போதும்.